நிறுவைப் பதிவு நிரலில் உள்ளீட்டு, வெளியீட்டு பஃபர்: முழுமையான வழிகாட்டி

தோட்டத்து நிறுவைக் கொட்டகையில் ஒரு மடிக்கணினி. மண்டோர் (மேற்பார்வையாளர்) சொல்லச் சொல்ல கிராணி (எழுத்தர்) தட்டுகிறார்: ஆள் எண், பெயர், செம்பனைக் குலைகளின் எடை, தர எழுத்து. நிரல் அதை ஒரு வரியாகத் திரையில் காட்டி, கோப்பிலும் எழுத வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் சி மொழி கற்கிறவருக்குக் கைக்கெட்டிய பயிற்சி இது.

இருபது முப்பது வரியில் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஓட்டிப் பார்த்தால், தர எழுத்தைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளுக்குத் தாவும். எடைக்குப் பதில் தவறி ஓர் எழுத்தைத் தட்டினால் திரை நிற்காமல் ஓடும். மின்சாரம் போனால் பிற்பகலில் பதிந்த வரிகளில் பல கோப்பில் இரா. மூன்றுக்கும் வேர் ஒன்றே: பைட் நடுவழியில் எங்கேயோ தங்கியிருக்கிறது, அது எங்கே என்று எழுதியவருக்குத் தெரியவில்லை. அப்படித் தற்காலிகமாகத் தங்கும் நினைவக இடம்தான் பஃபர்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஜிசிசி தொகுப்பி, லினக்ஸ் முனையம். விண்டோஸ் கணினி என்றால் அதற்குள்ளேயே உபுண்டுவை நிறுவிக்கொள்ளலாம். எச்சரிக்கைகளைக் காட்டும் தெரிவோடு தொகுங்கள்.

கோப்பில் உள்ள பைட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டும் ‘ஓடி’ கட்டளையும், நிரல் இயங்குதளத்தை எத்தனை முறை அழைக்கிறது என்று காட்டும் ‘எஸ்ட்ரேஸ்’ கருவியும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவைப் பிடிக்க முதலாவது, பஃபர் எப்போது காலியாகிறது என்று பார்க்க இரண்டாவது.

சோதனைக் கோப்புகள் மூன்று. ஒன்றில் சரியான தரவு, ஒன்றில் மிக நீளமான பெயர், ஒன்றில் கடைசி வரியின் வரிமுடிவு இல்லாத தரவு. இவற்றை நிரல் எழுதும் முன்பே செய்து வையுங்கள். எழுதி முடித்த பிறகு செய்தால், நிரல் தாங்கும் தரவை மட்டுமே கை தட்டும்.

செயற்கூறுகளின் பெயரை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன்: ஸ்கேன்எஃப் (மதிப்பை வாங்குவது), எஃப்கெட்ஸ் (ஒரு வரியை வாங்குவது), எஃப்ஃப்ளஷ் (பஃபரில் உள்ளதை அனுப்புவது), செட்விபஃப் (பஃபரின் வகையைத் தீர்மானிப்பது). தட்டும்போது எல்லாம் சிறிய எழுத்து.

2. பைட் தங்கும் இடங்களை வரைந்துகொள்ளுங்கள்

வெட்டிய குலை நேராக ஆலைக்குப் போவதில்லை. முதலில் ரோட்டோர பிளாட்ஃபாரத்தில் சேரும். லோரி வந்து அள்ளிச் சேர்ப்பிடத்தில் கொட்டும். அங்கிருந்துதான் ஆலை. குலைக்கு ஒரு லோரி என்று விட்டால் டீசல் காசே தேறாது.

நிரல் எழுதும் பைட்டும் இப்படித்தான். அச்சிடும் செயற்கூறான பிரிண்ட்எஃப் போட்டது நிரலின் சொந்த பஃபரில் நிற்கும், அது பிளாட்ஃபாரம். நிறைந்ததும் இயங்குதளத்தின் நினைவகத்துக்குப் போகும், அது சேர்ப்பிடம். வட்டு என்பது ஆலை. இயங்குதளத்தை அழைப்பது செலவான வேலை என்பதால்தான் இந்த ஏற்பாடு.

உள்ளீட்டிலும் இடைத்தங்கல் உண்டு. விசைப்பலகையில் தட்டியதை, என்டர் அழுத்தும் வரை முனையமே பிடித்து வைத்திருக்கும். பின்நகர்வு விசையால் திருத்த முடிவது அதனால்தான். என்டர் அழுத்தியதும் வரி முழுவதும், என்டரின் வரிமுடிவு எழுத்தும் சேர்ந்தே, நிரலின் உள்ளீட்டு பஃபருக்கு வரும். ஸ்கேன்எஃப் அதிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும். மற்றது அங்கேயே கிடக்கும்.

இந்த இரண்டு பாதைகளையும் ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிழை வரும்போதெல்லாம், ‘இப்போது அந்த பைட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?’ என்று தாளைப் பார்த்துக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

3. மிச்சமான வரிமுடிவைக் கண்ணால் பாருங்கள்

எடையை முழு எண்ணாக ஸ்கேன்எஃப்பில் வாங்குங்கள். அடுத்த வரியிலேயே தர எழுத்தை ஒற்றை எழுத்தாக வாங்குங்கள். வாங்கிய எழுத்தை எண்ணாக அச்சிடுங்கள். 10 என்று வரும். அதுதான் வரிமுடிவின் எண்.

நடந்தது இது: கிராணி 18 தட்டி என்டர் அழுத்தினார். பஃபரில் 1, 8, வரிமுடிவு என மூன்று பைட். எண் வாங்கும் குறி 1, 8 இரண்டையும் எடுத்து, எண் அல்லாததைக் கண்டதும் நின்றது. ஒற்றை எழுத்து வாங்கும் குறியோ வெற்றிடத்தைத் தாண்டாது; அகப்பட்ட முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளும். அகப்பட்டது வரிமுடிவு.

அந்தக் குறிக்கு முன் ஓர் இடைவெளி விட்டால் வெற்றிடங்களைத் தாண்டி வாங்கும். பயிற்சிக்கு அது போதும். கொட்டகைக்குப் போதாது. எடை கேட்ட இடத்தில் ‘18கி’ என்று தட்டினால், மிச்சமான ‘கி’யின் முதல் பைட் தர எழுத்தாகப் போய் உட்காரும். ‘கி’ என்று மட்டும் தட்டினால் இன்னும் மோசம். ஸ்கேன்எஃப் எதையும் எடுக்காமல் 0 என்று திருப்பும், எழுத்து பஃபரிலேயே இருக்கும், சுழற்சி மறுபடி அதே எழுத்தில் முட்டும். திரை நிற்காமல் ஓடுவது இதனால்தான்.

4. உள்ளீட்டின்மேல் எஃப்ஃப்ளஷை ஏவாதீர்கள்

இந்த இடத்தில் புதியவர் பெரும்பாலும் எடுக்கிற மருந்து, உள்ளீட்டு ஓடையின் (நிரலுக்குள் பைட் வரும் வழி) மேல் எஃப்ஃப்ளஷ். அந்தச் செயற்கூறு வெளியீட்டை அனுப்புவதற்கு உள்ளது. உள்ளீட்டின் மேல் ஏவினால் என்ன ஆகும் என்று சி மொழித் தரம் வரையறுக்கவே இல்லை. மைக்ரோசாஃப்டின் பழைய தொகுப்பிகளில் அது மிச்சத்தைத் துடைத்தது. விஷுவல் ஸ்டூடியோ 2015 முதல் ஒன்றும் செய்வதில்லை. பழைய பாடக்குறிப்பில் வேலை செய்த வரி புதிய கணினியில் சும்மா இருப்பது இதனால்.

இரண்டாவது மருந்து, வரிமுடிவு வரும் வரை கெட்சாரால் ஒவ்வொன்றாகப் படித்து எறிகிற சுழற்சி. இது தரத்துக்கு உட்பட்டது. ஆனால் பஃபரில் மிச்சம் இருந்தால்தான் சரி. ஏற்கெனவே காலியாக இருக்கும்போது அழைத்தால், நிரல் புதிய வரிக்குக் காத்து நிற்கும். கிராணி இன்னொரு முறை என்டரைத் தட்டினால்தான் நகரும். சுழற்சிக்குள் உள்ளீட்டின் முடிவையும் சோதிக்காவிட்டால், கோப்பிலிருந்து படிக்கும்போது முடிவே இல்லாமல் சுற்றும்.

பஃபரைத் துடைக்க வழி தேடுவதே தவறான திசை என்பது என் கருத்து. மிச்சம் வைக்காமல் படித்தால் துடைக்க ஒன்றும் இராது.

5. வரியாக வாங்கி, பிறகு பிரியுங்கள்

வரிசை இதுதான், மாற்ற வேண்டாம்.

முதலில் எஃப்கெட்ஸ் கொண்டு ஒரு முழு வரியை எழுத்து அணியில் வாங்குங்கள். அணியின் அளவு 256 என்றால் அது அதிகபட்சம் 255 பைட் படித்து, கடைசியில் பூச்சியத்தை வைக்கும். கெட்ஸ் என்ற பழைய செயற்கூறு அளவே பார்க்காமல் அணியைத் தாண்டி எழுதியதால் 2011 தரத்தில் நீக்கப்பட்டது. எங்காவது கண்டால் மாற்றிவிடுங்கள்.

அடுத்து, திரும்பி வந்தது வெற்றுச் சுட்டியா என்று பாருங்கள். ஆம் என்றால் உள்ளீடு முடிந்தது அல்லது பிழை. அணியில் பழைய வரி அப்படியே இருக்கும் என்பதால், இதைப் பார்க்காதவர் முந்தின ஆளின் எடையை இரண்டாம் முறை பதிவார்.

அதன் பிறகு அணியில் வரிமுடிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் முழு வரி வந்துவிட்டது. இல்லை என்றால் வரி அணியைவிட நீளம், அல்லது கோப்பின் கடைசி வரியில் வரிமுடிவே இல்லை. நீளமான வரி என்றால் மிச்சம் பஃபரில் நிச்சயம் உண்டு. படித்து எறிகிற சுழற்சிக்குச் சரியான இடம் இது ஒன்றுதான். எறிந்த பின் அந்தப் பதிவை ஏற்காமல் மறுபடி கேளுங்கள். வெட்டுப்பட்ட பாதியை ஏற்பது சம்பள நாளில் சண்டையாக முடியும்.

இனி வரிமுடிவை நீக்குங்கள். அலுவலக விண்டோஸ் கணினியில் செய்த கோப்பில் வரியின் கடைசியில் இரண்டு பைட் இருக்கும்: 13, 10. லினக்ஸில் 10 மட்டும் நீக்கினால் 13 ஒட்டிக்கொண்டே வரும். பெயரை ஒப்பிட்டால் பொருந்தாது, அச்சிட்டால் வரி தன் மேலேயே எழுதிக்கொள்ளும். இரண்டையும் நீக்குங்கள்.

கடைசியாக எண். எஸ்டிஆர்டூடி செயற்கூறு எண்ணைத் தருவதோடு, எங்கே நின்றது என்ற சுட்டியையும் தரும். சுட்டி தொடங்கிய இடத்திலேயே இருந்தால் எண்ணே இல்லை. நடுவில் நின்றால் பின்னால் குப்பை இருக்கிறது. ‘18கி’, ‘12,5’ இரண்டும் இங்கே சிக்கும். ஒரு நுணுக்கம்: இந்தச் செயற்கூறு ‘முடிவிலி’, ‘எண் அல்ல’ என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களையும் எண்ணாக ஏற்கும். ‘எண் அல்ல’ என்ற மதிப்பு பெரிதா, சிறிதா, சமமா என்ற எந்த ஒப்பீட்டிலும் பொய்யையே தரும். எனவே ‘எடை எல்லைக்கு வெளியே இருந்தால் மறு’ என்று எழுதாமல், ‘எல்லைக்குள் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்’ என்று எழுதுங்கள்.

6. தமிழ்ப் பெயருக்கு எத்தனை பைட்?

யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று. மெய்யின் மேல் வைக்கும் புள்ளியும் தனிக் கணக்கு. ‘முனியாண்டி’ 10 குறியீட்டுப் புள்ளி, 30 பைட். வரிமுடிவும் பூச்சியமும் சேர்ந்தால் 32. அணி 32 என்றால் மயிரிழையில் அடங்கும்.

‘சுப்பிரமணியம்’ கண்ணுக்கு 8 எழுத்து, உள்ளே 13 குறியீட்டுப் புள்ளி, 39 பைட். அதே 32 அணியில் 31 பைட் மட்டும் வரும்: ‘சுப்பிரமணி’ வரை 30, பிறகு ‘ய’வின் முதல் பைட் அறுந்து நிற்கும். திரையில் பெயருக்குப் பின் ஒரு கேள்விக்குறிக் கட்டம் தெரியும். மிச்சமான 8 பைட்டும் வரிமுடிவும் அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போகும். எடைக்குப் பெயரின் வால் பதிலானால் என்ன ஆகும் என்று 3ஆம் பகுதியில் பார்த்தோம்.

ஆங்கில எழுத்தில் சோதித்துச் சரி என்று விட்ட நிரல் தமிழில் தடுக்குவது இங்கேதான். 256 வைத்துவிடுங்கள், நினைவகம் மலிவு.

7. உள்ளீட்டின் முடிவு

கெட்சாரின் விடையை முழு எண் மாறியில் வாங்குங்கள், எழுத்து மாறியில் அல்ல. முடிவைக் குறிக்கும் மதிப்பு எதிர்மறை எண், ஜிசிசியில் -1. ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் கணினிகளின் லினக்ஸில் எழுத்து மாறிக்கு எதிர்மறை இல்லை. -1 அங்கே 255 ஆகி, சுழற்சி முடியவே முடியாது.

8. திரைக்குப் போகும் வெளியீடு

‘எடை: ’ என்று கேள்வியை அச்சிட்டு வரிமுடிவு போடாமல் விட்டால், அது சில நேரம் திரைக்கு வரும், சில நேரம் வராது. காரணம், வெளியீட்டு ஓடை எங்கே இணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து பஃபரின் நடத்தை மாறும்.

லினக்ஸில் முனையத்தோடு இணைந்திருந்தால் வரிக்கு வரி அனுப்பும். கோப்புக்கோ குழாய்க்கோ (வெளியீட்டை இன்னொரு நிரலுக்கு அனுப்பும் இணைப்பு) திருப்பினால் பஃபர் நிறையும் வரை பிடித்து வைக்கும். வழக்கமாக 4096 பைட். பிழைச் செய்திக்கான ஓடைக்கு மட்டும் பஃபர் இல்லை. திரையில் காட்டிக்கொண்டே கோப்பிலும் சேமிக்க ‘டீ’ கட்டளைக்குக் குழாய் போட்டதும் கேள்விகள் காணாமல் போவது இதனால். பிழைச் செய்தி முன்னால் வந்து, அதற்கு முந்தைய வரி பின்னால் வருவதும் இதனால். அதைப் பார்த்துப் பிழையைத் தவறான இடத்தில் தேடுவார்கள்.

மருந்து எளிது: கேள்வியை அச்சிட்ட உடனே வெளியீட்டு ஓடையின் மேல் எஃப்ஃப்ளஷ். எஃப்ஃப்ளஷுக்கு வேலை இங்கேதான். கேட்டுக் காத்திருக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒன்று போதும். ஒவ்வொரு பிரிண்ட்எஃப்புக்குப் பின்னும் வேண்டாம்.

9. பஃபரின் வகையை நீங்களே தீர்மானிக்க

செட்விபஃப் மூன்று வகையைத் தரும்: முழு, வரிக்கு வரி, பஃபரே இல்லாதது. ஓடையைத் திறந்த பின், அதில் வேறு எந்த வேலையும் செய்யும் முன் அழைக்க வேண்டும். ஒரு வரி அச்சிட்ட பின் அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பஃபருக்குச் சொந்த அணி கொடுத்தால், அது ஓடை மூடப்படும் வரை உயிரோடு இருக்க வேண்டும். செயற்கூறுக்குள் அறிவித்த சாதாரண அணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், ஓடை செத்த இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும். நிலையான அணியாக அறிவியுங்கள், அல்லது வெற்றுச் சுட்டி கொடுத்து நூலகத்திடமே விடுங்கள்.

விண்டோஸில் வரிக்கு வரி என்ற வகையே இல்லை. கேட்டால் முழு பஃபர்தான் கிடைக்கும். அளவை 0 என்று கொடுத்தால் அங்கே அது பிழை, குறைந்தது 2 வேண்டும். இரு பக்கமும் ஓட வேண்டிய நிரலுக்கு எஃப்ஃப்ளஷையே நம்புங்கள்.

10. கோப்பு: இடி இடிக்கும் பிற்பகலுக்கான பகுதி

ஒரு பதிவு 40 பைட் என்று வையுங்கள். 4096 பைட் பஃபரில் 102 முழுப் பதிவும் 103ஆம் பதிவின் 16 பைட்டும் அடங்கும். 150 பேரைப் பதிந்த நிலையில் நிரல் விழுந்தால் கோப்பில் 102 பேர்தான் முழுசாக இருப்பார்கள். 103ஆம் ஆள் பாதியில் நிற்பார்.

எது எப்போது தப்பிக்கும் என்பதைப் பிரித்துப் பாருங்கள். நிரல் ஒழுங்காக முடிந்தால் எல்லாம் கோப்புக்குப் போகும். நினைவகப் பிழையில் விழுந்தாலோ, வெளியிலிருந்து கட்டாயமாகக் கொன்றாலோ, பிளாட்ஃபாரத்தில் இருந்தது போச்சு. சேர்ப்பிடத்துக்குப் போனது தப்பிக்கும். மின்சாரம் போனால் சேர்ப்பிடத்தில் இருந்ததும் போகும். லினக்ஸ் எழுதப்படாத தரவை இயல்பாக 30 நொடி வரை நினைவகத்தில் வைத்திருக்கலாம்.

ஆகவே இரண்டு படி, இதே வரிசையில். பதிவு எழுதியதும் எஃப்ஃப்ளஷ். பிறகு அந்தக் கோப்பின் எண்ணைப் பெற்று, சேர்ப்பிடத்தில் உள்ளதை வட்டுக்கு அனுப்பும் எஃப்சிங்க். வரிசை மாறினால் பயனில்லை: பிளாட்ஃபாரத்திலேயே கிடக்கும் குலையை ஆலைக்கு அனுப்பு என்று சேர்ப்பிடத்தில் போய்க் கத்துவது போல. விண்டோஸில் எஃப்சிங்குக்குப் பதில் கமிட் என்ற செயற்கூறு, பெயருக்கு முன் அடிக்கோடு.

செலவைக் கணக்கிடுங்கள். 10,000 பதிவு என்றால் 4,00,000 பைட். முழு பஃபரில் 98 அழைப்பு; பதிவுக்கு ஒரு ஃப்ளஷ் என்றால் 10,000. எஸ்ட்ரேஸில் எண்ணிப் பார்க்கலாம். கிராணி கையால் தட்டும் நிரலில் இது ஒரு பொருட்டே அல்ல. மாதக் கணக்கை மொத்தமாகப் பெயர்த்து எழுதும் நிரலில் பதிவுக்கு ஒரு எஃப்சிங்க் போட்டால் வேலை ஊர்ந்து போகும். அங்கே கடைசியில் ஒன்று போதும்.

திருப்பு மதிப்புகளை விடாதீர்கள். பென்டிரைவ் நிறைந்திருந்தாலும் எஃப்பிரிண்ட்எஃப் வெற்றி என்றே சொல்லும், ஏனென்றால் பஃபரில் இடம் இருந்தது. உண்மை எஃப்ஃப்ளஷிலோ எஃப்குளோஸிலோதான் வெளிவரும். அவற்றின் விடையைப் பார்க்காத நிரல் ‘சேமிக்கப்பட்டது’ என்று பொய் சொல்லும்.

படிக்கவும் எழுதவும் ஒரே ஓடையாகத் திறந்திருந்தால் இன்னொரு விதி. எழுதியபின் படிக்கும் முன் எஃப்ஃப்ளஷ் அல்லது கோப்பில் இடத்தை நகர்த்தும் எஃப்சீக். படித்தபின் எழுதும் முன் எஃப்சீக். பழைய பதிவைத் திருத்தும்போது இதை மறந்தால் புதிய வரி வேறெங்கோ போய் விழும். திருத்தமே செய்யாமல் கடைசியில் ‘மாற்றம்’ என்று புதிய வரி சேர்ப்பது நிம்மதி.

11. தராசிலிருந்து கேபிள் வழி வரும் எடை

லோரித் தராசின் காட்டி தொடர்முகம் வழியாக ஓயாமல் எடையை அனுப்பும் வகை என்றால், புதிய ஆபத்து ஒன்று உண்டு. நொடிக்கு 10 வரி, வரிக்கு 16 பைட் என்றால் நொடிக்கு 160 பைட். நிரல் படிக்காமல் இருந்தால் இயங்குதளத்தின் 4096 பைட் இடம் சுமார் 25 நொடியில் நிறையும். பிறகு நீங்கள் படிக்கும்போது முதலில் வருவது பழையது: முந்தைய லோரியின் எடை, புது லோரியின் பெயரில்.

அதனால் எடை கேட்கும் முன் டிசிஃப்ளஷ் கொண்டு உள்ளீட்டை எறியுங்கள். உள்ளீட்டைத் துடைப்பது நியாயமான இடம் இது: இங்கே பழைய தரவு உண்மையிலேயே குப்பை. எறிந்ததும் முதலில் வரும் வரி நடுவில் அறுந்ததாக இருக்கலாம். வரிமுடிவு வரை அதையும் எறிந்து, அடுத்த முழு வரியை எடுங்கள்.

ஒரு முறை ரீட் அழைத்தால் ஒரு வரி வரும் என்று எண்ண வேண்டாம். 5 பைட் வரலாம், ஒன்றரை வரியும் வரலாம். சொந்த அணியில் சேர்த்துக்கொண்டே போய், வரிமுடிவைக் கண்டதும் அதுவரை உள்ளதை வெட்டி எடுங்கள்.

12. சி++, பைத்தான் எழுதுவோருக்கு

சி++ல் சின் என்ற உள்ளீட்டு ஓடையில் எண்ணை வாங்கி, உடனே வரி வாங்கும் கெட்லைன் அழைத்தால் வெற்று வரி வரும். 3ஆம் பகுதியின் அதே வரிமுடிவு. எல்லாவற்றையும் கெட்லைனிலேயே வாங்குங்கள். வரியை முடிக்கும் எண்ட்எல் ஒவ்வொரு முறையும் ஃப்ளஷ் செய்யும். பெரிய கோப்பு எழுதும்போது வெறும் வரிமுடிவு போடுங்கள்.

பைத்தானில் இன்புட் முழு வரி வாங்குவதால் மிச்சத் தொல்லை இல்லை. வெளியீட்டில் அதே கதைதான்: பிரிண்டில் ஃப்ளஷ் தெரிவை உண்மை என்று வையுங்கள், அல்லது நிரலை ‘யூ’ தெரிவோடு ஓட்டுங்கள்.

13. ஓட்டிப் பார்க்கும் வரிசை

முதலில் கையால்: எடைக்கு ‘கி’, ‘18கி’, வெறும் என்டர். பிறகு மூன்று சோதனைக் கோப்புகளையும் உள்ளீடாகத் திருப்புங்கள். கடைசி வரியில் வரிமுடிவு இல்லாத கோப்பில் கடைசி ஆள் பதிவாகிறாரா என்று பாருங்கள். புதியவர் நிரலில் அவர்தான் விடுபடுவார். பிறகு வெளியீட்டை ‘டீ’ வழியாக அனுப்பி, கேள்விகள் நேரத்துக்கு வருகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து ஐந்து பேரைப் பதிந்துவிட்டு, இன்னொரு முனையத்திலிருந்து 9ஆம் எண் சமிக்ஞையால் நிரலைக் கொல்லுங்கள். கோப்பை ‘ஓடி’யில் திறந்து எண்ணுங்கள். ஐந்தும் முழுசாக இருந்தால் எஃப்ஃப்ளஷ் சரி. எஃப்சிங்க் சரியா என்பதை இந்தச் சோதனை காட்டாது, ஏனென்றால் இயங்குதளம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு ஒரு பழைய கணினியில் ஐந்து பேரைப் பதிந்து, கடைசி என்டரை அழுத்தித் திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்ததும் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். மடிக்கணினி என்றால் பேட்டரியை முதலிலேயே கழற்றிவிட வேண்டும்.